திரும்பியது ஒருவர் மட்டும்: ரியாத்திலிருந்து ஊர் வந்த ஒரு குடும்பத்தின் ஓராண்டு

திருச்சியில் சமூகப்பணி முதுகலை படித்தபோது நிகழ்வு ஆய்வு எழுத ஓர் ஒழுங்கு சொல்லிக்கொடுத்தார்கள். குடும்ப விவரம், வந்த நெருக்கடி, எடுத்த முடிவு, நடந்தது, ஆய்வாளரின் மதிப்பீடு. படித்து முடித்துப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்த ஒழுங்கில் நான் எழுதும் முதல் ஆய்வு என் குடும்பத்தைப் பற்றியது.

எழுதக் காரணம் இருக்கிறது. இதை எழுதுவது 2019-இல். இந்த ஜூலையில் சவுதியில் குடும்ப லெவி, அதாவது வெளிநாட்டவர் தம் குடும்பத்தாருக்காகக் கட்டும் கட்டணம், தலைக்கு மாதம் 300 ரியாலாகிறது. ரியாத்தில் எங்களோடு பழகிய மூன்று பெண்கள் இந்த ஒரு மாதத்துக்குள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, நாங்களும் எக்ஸிட் அடிச்சு வந்துடலாமான்னு பாக்குறோம். நீங்க போன வருஷம் வந்தீங்களே, எப்படி இருக்கு?" எக்ஸிட் என்றால் அங்கே வசிக்கும் அனுமதியை முடித்துக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்புவது. போனில் ஐந்து நிமிடத்தில் சொன்னால் பாதி உண்மைதான் வரும். முழுதாக இங்கே எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் என் கணவரின் கணக்கு நோட்டிலிருந்து எடுத்தவை.

குடும்பம்

நாங்கள் நான்கு பேர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ரியாத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் குவாண்டிட்டி சர்வேயர். சம்பளம் 7,500 ரியால். நானும் மகனும் 2005-இல் அங்கே போனோம், அப்போது அவனுக்கு மூன்று வயது. மகள் 2007-இல் ரியாத்திலேயே பிறந்தாள். ஊரில் மாமனார், மாமியார், இரண்டு ஏக்கர் தென்னை. காய்ப்பில் இருந்த மரங்கள் 140.

பிள்ளைகள் இருவரும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்தார்கள். மகன் இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்தான். மகளை முதல் வகுப்பில் சேர்க்கும்போது, இந்தி தெரிந்தால் எங்கே போனாலும் உதவும் என்று நாங்கள் இருவரும் பேசி இந்தியில் போட்டோம். அரபியும் பள்ளியில் படித்தாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. லீவில் ஊருக்கு வரும்போது கடைப் பலகைகளைப் படித்துக் காட்டச் சொல்வாள், நானும் படித்துக் காட்டுவேன். இந்த ஒரு வரியைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

நெருக்கடி

2017 ஜூலை 1 முதல் சவுதியில் வெளிநாட்டவர் குடும்பத்தில் சம்பாதிப்பவரைத் தவிர ஒவ்வொரு தலைக்கும் மாதம் 100 ரியால் லெவி. ஒவ்வொரு ஜூலையிலும் 100 கூடி 2020-இல் 400 ஆகும் என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். இகாமா என்ற வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும்போது ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலை. முதல் ஆண்டு 3,600 ரியால். அடுத்த ஆண்டு 7,200, ஏறக்குறைய அவருடைய ஒரு மாதச் சம்பளம். அதற்கடுத்து 10,800. கடைசியில் 14,400.

லெவி மட்டும் வந்திருந்தால் தாங்கியிருப்போம். 2018 ஜனவரி 1-இல் வாட் 5 சதவீதம் வந்தது. அதே நாளில் பெட்ரோல் லிட்டர் 0.75 ரியாலிலிருந்து 1.37 ரியாலாக ஏறியது. கரண்ட் கட்டணமும் ஏறியது. அவருடைய நிறுவனத்தில் சம்பளம் இரண்டு மாதம் பின்தங்கியது. எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். பிப்ரவரிக்குள் நான்கு வீட்டு வாசலில் "லில் ஈஜார்" பலகை தொங்கியது, வாடகைக்கு என்று அர்த்தம். எதிர் வீட்டு ஐதராபாத் அம்மா சோபாவை விற்க ஆள் கிடைக்காமல் எங்களிடம் விட்டுப் போனார். அந்தச் சோபாவைப் பின்னால் நாங்களும் யாரிடமும் விற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பணக் கணக்கில் அது வராது. 2017 நவம்பர் 4 இரவு ஏமனிலிருந்து ஹூதிகள் ஏவிய ஏவுகணையை ரியாத் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வழிமறித்துச் சுட்டார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டிசம்பரில் மறுபடி. 2018 மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி மூன்றாவது முறை. அன்று விழுந்த சிதறலில் ரியாத்தில் ஓர் எகிப்தியத் தொழிலாளி இறந்தார். மகள் அன்றிலிருந்து எங்கள் அறையில்தான் படுத்தாள்.

முடிவு எடுத்த விதம்

அவர் கணக்கில் நேர்த்தியானவர். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு அமைதியாகும் நேரத்தில், நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி எழுதினார்.

இடப்பக்கம், குடும்பம் இங்கேயே இருந்தால்: வாடகை 2,000, பள்ளியும் பஸ்ஸும் 900, மளிகையும் காஸும் 1,700, கார் 800, கரண்ட், போன், இன்டர்நெட் 450, ஊருக்கு 600, ஜூலை முதல் லெவி 600. மொத்தம் 7,050. மிச்சம் 450.

வலப்பக்கம், குடும்பம் ஊருக்குப் போனால்: பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்) 400, மெஸ்ஸும் போனும் 750, போக்குவரத்து 150, ஊருக்கு 3,000. மொத்தம் 4,300. மிச்சம் 3,200.

"தோப்பு வருமானம் தனியா இருக்கு. அதைச் சேர்க்கவே இல்லை" என்றார். சேர்க்கவில்லை என்று சொன்னாரே தவிர, வலப்பக்கத்தை அவ்வளவு தைரியமாக எழுத வைத்தது அந்தத் தோப்புதான். ஏதாவது குறைந்தால் தேங்காய் இருக்கிறது என்பது எங்கள் இருவர் மனதிலும் இருந்தது.

ரீ-என்ட்ரியில் அனுப்பலாமா, ஃபைனல் எக்ஸிட்டா என்ற பேச்சு ஒரு வாரம் ஓடியது. ரீ-என்ட்ரியில் போனால் திரும்பி வரும் வழி திறந்திருக்கும். ஆனால் இகாமா உயிரோடு இருக்கும் வரை, நாங்கள் ஊரில் இருந்தாலும் லெவி ஓடும். அதனால் எக்ஸிட் என்று தீர்ந்தது. தேதி தானாக அமைந்தது: மகனின் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் கடைசியில் முடியும், இகாமா ஜூன் கடைசியில் முடியும், நடுவில் ஏப்ரல். டிக்கெட் ஏப்ரல் 19, வியாழன் இரவு.

இந்த இடத்தில் ஆய்வாளராக ஒரு குறிப்பு. தேதியை முடிவுசெய்தவை ஒரு தேர்வும் ஓர் அட்டையும். பத்து வயது மகளுக்கு அந்த மாதம் சரிதானா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளுக்குத் தேர்வு இல்லை, அதனால் அவளுக்குச் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

மார்ச் கடைசி வாரம் எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 25-ஆம் தேதி இரவு ஏவுகணை. 28-ஆம் தேதி கணக்குத் தேர்வு. அன்றே வினாத்தாள் கசிந்தது, மறுதேர்வு வைப்போம் என்று டெல்லியில் அறிவித்தார்கள். கையில் டிக்கெட், அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியாயிற்று, பையன் மறுபடி எழுத எங்கே உட்காருவான்? வெளிநாட்டில் எழுதியவர்களுக்கு மறுதேர்வு இல்லை என்று 30-ஆம் தேதி சொன்ன பிறகுதான் அவர் சாப்பிட்டார். ஏப்ரல் 3-இல் பத்தாம் வகுப்புக்கு எங்குமே மறுதேர்வு இல்லை என்றாகிவிட்டது.

பெட்டிகள் ரியாத்தின் பத்தா பகுதியில் உள்ள கார்கோ கடை வழியே கடலில் போயின. நைலான் கயிறு கட்டி, நான்கு பக்கமும் மார்க்கரில் மாமனார் பெயரும் ஊரும் எழுதினோம். தமிழில் எழுதிய பெட்டியை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தாத்தா பேர் இப்படித்தான் இருக்குமா?" என்றாள்.

நாங்கள் கிளம்பிய வாரம்தான் ரியாத்தில் முப்பத்தைந்து வருடம் கழித்து முதல் சினிமா தியேட்டர் திறந்தது. இரண்டு மாதத்தில், ஜூன் 24 அன்று, பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். பதின்மூன்று வருடம் அவர் வேலை முடிந்து வரும்வரை கடைக்குப் போகக் காத்திருந்த ஊர் அது. அந்தச் செய்தியைப் பட்டுக்கோட்டையில் டிவியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமும் அதில் இருந்தது.

நடந்தது: மகள்

காகிதங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவளுடைய ஆண்டு அங்கேதான் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழ் முழுக்க அரபியில், ஆண்டும் இஸ்லாமிய நாள்காட்டிப்படி ஹிஜ்ரி 1428 என்று. பள்ளி எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பொண்ணு பேர் எங்கம்மா இருக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மகள் விரல் வைத்துக் காட்டினாள். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரியாத்தில் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நிமிடத்தில் முடிகிற வேலை. அதைக் கணவருக்கு அனுப்பி, மொழிபெயர்த்து, இந்தியத் தூதரகச் சான்று வாங்கி, ஊருக்கு வருகிறவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, என்னிடம் வந்து சேர ஐந்து வாரம். அதுவரை பாஸ்போர்ட் நகலை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆதார் இல்லை. அப்போதிருந்த விதிப்படி கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால்தான் பதிவு செய்யலாம். எங்கள் மூவருக்கும் அந்த 182-ஆவது நாள் அக்டோபர் 18. பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை வகுப்பில் எழுந்து நின்று "இன்னும் வரலை மிஸ்" என்று சொன்னவள் அவள்.

அவள் சேர்ந்தது ஆறாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி. 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் வந்தது. எங்கள் பிள்ளைகள் இருவரும் அந்த வகுப்புகளிலேயே விழுந்தார்கள். புத்தகம் நன்றாகவே இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், க்யூஆர் கோடு. ஆனால் தமிழ் முதல் மொழிப் பாடம். அ, ஆ தெரியாத பிள்ளைக்குச் செய்யுள், உரைநடை, இலக்கணம்.

நானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் அவள் கேட்ட கேள்வி இது. நோட்டில் "கடல்", "தங்கம்", "அகம்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "அம்மா, மூணுலயும் ஒரே எழுத்துதானே போட்டிருக்கீங்க? ஏன் மூணு சத்தம் வருது? எது எங்க வரும்னு எப்படித் தெரியும்?" இந்தியில் அவளுக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எழுத்து. தமிழில் க ஒன்றுதான். சொல்லின் முதலில் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின் ஒரு மாதிரி, இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மாதிரி. நாற்பது வருடமாகப் பேசுகிறேன், இதை யோசித்ததே இல்லை. "உனக்குப் பேசத் தெரியும்ல, வாய் போற போக்குல படி" என்றேன். "வாய்க்கு முதல்ல என்ன சொல்லுன்னு தெரியணும்ல?" என்றாள். அவள் சொன்னது சரி. சொல் தெரிந்தால்தான் சத்தம் வரும். பாடத்திலுள்ள சொற்கள் வீட்டில் பேசும் சொற்கள் இல்லை.

காலாண்டுத் தேர்வில் தமிழில் 19. மற்ற பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல். விடைத்தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள். ரியாத்தில் வகுப்பில் முதல் மூன்று இடத்தில் இருந்த பிள்ளை.

வகுப்பில் அவளுக்கு "சவுதி" என்று பெயர். கிண்டலாகத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. அவள் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஊருக்குத்தான் வந்திருக்கிறோம், இதிலென்ன வருத்தம் என்று மாமியார் அவளைத் தேற்றினார். "அப்பத்தா, இது உங்க ஊரு" என்று அவள் சொன்னதை மாமியார் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு தகவலைச் சொன்னாள்.

நடந்தது: நவம்பர் 16

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் ஊர் வேதாரண்யத்திலிருந்து மேற்கே. புயல் கடலோரத்தோடு அடங்கிவிடும் என்று மாமனார் படுத்துவிட்டார். இரண்டு மணிக்கு மேல் காற்று ஊளையிடவில்லை, உறுமியது. மாட்டுக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் மேல் தேங்காய்கள் குலை குலையாக விழுந்தன. ஒவ்வொன்றும் வெடி போல. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, மிசைலா?"

எங்கள் ஓராண்டில் நான் மறக்க முடியாத வார்த்தை அது. அந்தப் பயத்திலிருந்து அவளை விலக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன்.

காற்று நடுவே அடங்கியது, பிறகு திசை மாறி அடித்தது. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தோம். வழக்கமாகக் கதவைத் திறந்தால் பச்சை நிழல்தான் தெரியும். அன்று வானம் தெரிந்தது. பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் வரை மறைப்பே இல்லை. 140 மரத்தில் நின்றவை 11. மாமனார் விழுந்த ஒரு மரத்தின் தண்டில் கை வைத்து அப்படியே உட்கார்ந்தார். எந்த வருடம் எந்த மரம் வைத்தது என்று அவருக்குத் தெரியும்.

போன் போய்விட்டது, டவர்களுக்குக் கரண்ட் இல்லை. சாலை முழுக்க மரம். மகன் தெருப் பையன்களோடு அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போனான். பதினாறு வயது, அதற்கு முன் அரிவாள் பிடித்ததில்லை. 18-ஆம் தேதி, டீசல் ஜெனரேட்டரில் ஓடும் டவர் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் போய் ஐமோ செயலியில் அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பினான்: "எல்லாரும் நல்லா இருக்கோம். மரம் இல்லை."

அந்த இரண்டு நாளை அவர் பிறகு சொன்னார். பேராவூரணி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பத்தாவில் ஒரு டீக்கடை முன்னால் கூடி, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாருடைய போன் அடித்தாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். நிறுவனத்தில் லீவு கேட்டார். ஜனவரிதான் என்றார்கள்.

எங்கள் ஊருக்குக் கரண்ட் வர பத்தொன்பது நாள் ஆனது. அரசு நிவாரணம் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். 129 மரத்துக்கு 1,41,900. நிவாரணப் பொருள்கள் ரேஷன் அட்டைக்கு ஒன்று என்று வந்தன. மாமனார் அட்டையில் எங்கள் மூன்று பேர் பெயரும் இல்லை. இல்லாமல் போனதற்கு யாரும் பொறுப்பில்லை. சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

நடந்தது: அவரும் நானும் மகனும்

அவர் ஆறு பேர் இருக்கும் அறைக்கு மாறினார். செப்டம்பர் 11-இலிருந்து பன்னிரண்டு வகைச் சில்லறைக் கடைகளில் படிப்படியாக 70 சதவீத வேலைகளைச் சவுதிக்காரர்களுக்கே கொடுக்கும் விதி வந்தது. பர்னிச்சர் கடையில் வேலை பார்த்த அறைத் தோழர் முதல் மாதமே ஊருக்குப் போனார், ஜனவரியில் கட்டுமானப் பொருள் கடைக்காரர் ஒருவர். காலியான கட்டிலுக்குப் புதியவர் வருவார், பெயர் பழகுவதற்குள் அவரும் போவார். தினமும் இரவு எட்டரைக்கு ஐமோ. முதலில் அரை மணி நேரம் பேசுவோம். தீபாவளிக்குள் அது பத்து நிமிடமாகிவிட்டது. சொல்ல எதுவும் இல்லாமல் அல்ல. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது, அதற்குத் தெம்பு இல்லை.

பொங்கலுக்கு முப்பது நாள் லீவில் வந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு எழுந்த பழக்கத்தில் விடியற்காலை நான்கரைக்கே எழுந்து திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் வந்ததும் கொல்லைக்குப் போய் வெட்டிய கட்டைகளைச் சுற்றி நடப்பார். நான் ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதை வாசலில் நின்று பார்த்தார். செப்டம்பரில் லைசன்ஸ் வாங்கியதை அவரிடம் சொல்லியிருந்தேன். பார்ப்பது வேறு. அன்று மாலை, "இனிமே இங்க நான் என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மகனைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவன் குறைவாகவே பேசுகிறான். பதினொன்றாம் வகுப்பு, புதிய பாடநூல், மார்ச்சில் பொதுத்தேர்வு. தமிழ் தெரிந்ததால் பள்ளியில் பிழைத்துக்கொண்டான். ஆனால் வீட்டின் வெளிவேலை எல்லாம் அவன் தோளுக்கு வந்துவிட்டது: பேங்க், கரண்ட் பில், தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ. அலுவலகம். அவர் போன் செய்யும்போதெல்லாம் "நீதான்டா பாத்துக்கணும்" என்பார். அந்த வாக்கியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பணம்

நோட்டில் சொன்ன 3,200 ரியால் மிச்சத்தில் உண்மையில் நின்றது மாதம் சராசரி 1,900. மகளுக்குத் தமிழ் டியூஷன், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், சான்றிதழ் அலைச்சல், அவருடைய பயணம் என்று மீதி போனது. 450-உடன் ஒப்பிட்டால் 1,900 பெரிய தொகைதான். எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு உதவியும் வந்தது: ரியால் டாலரோடு 3.75-க்குக் கட்டப்பட்டது, அக்டோபரில் டாலர் 74 ரூபாயைத் தொட்டபோது, ஏப்ரலில் 17 ரூபாய் சொச்சம் இருந்த ரியால் 19.70 வரை போனது. அவர் கணக்குத் தப்பவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த மிச்சம்தான் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவும், புதுக் கன்று வைக்கவும், அது காய்க்கும்வரை மாமனார் மாமியார் வயிற்றைப் பார்க்கவும் போகிறது. தோப்பு எங்களைத் தாங்கும் என்று நினைத்து வந்தோம். இப்போது தோப்பை அவருடைய சம்பளம் தாங்குகிறது. அதனால்தான், மகன் பன்னிரண்டு முடிக்கும் 2020 மார்ச்சில் அவரும் வந்துவிடுவார் என்று போட்ட திட்டம் தள்ளிப் போயிருக்கிறது.

மதிப்பீடு

நாங்கள் செய்த பிழை கணக்கில் இல்லை, பெயரில் இருக்கிறது. இதை "ஊருக்குத் திரும்புவது" என்று பேசினோம். திரும்புகிறவர்களுக்கு ஆயத்தம் தேவையில்லை என்று அதனாலேயே தோன்றியது. 2005-இல் நான் ரியாத் போகும்முன் ஒரு வருடம் அவர் எனக்குக் கடிதத்திலும் போனிலும் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்: அபாயா என்ற மேலங்கியை அணிவது எப்படி, பலசரக்குக் கடையில் எண்களை அரபியில் எப்படிச் சொல்வது, இகாமாவை எங்கே வைப்பது. மகள் பட்டுக்கோட்டை வந்தபோது அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை, அது அவள் சொந்த ஊராயிற்றே. எங்கள் நான்கு பேரில் திரும்பியது நான் மட்டும். மகள் ஒரு வெளிநாட்டுக்கு வந்தாள். மகன் பாதி. அவர் திரும்பவே இல்லை, அவர் இரண்டாம் முறை தனியாகப் புலம்பெயர்ந்தார், இம்முறை நாற்பத்தாறு வயதில்.

அப்படிப் பெயர் வைத்திருந்தால் என்ன மாறியிருக்கும்? 2017 ஜூலையில் லெவி அறிவிப்பு நடைமுறைக்கு வந்த அன்றே மகளுக்குத் தமிழ் எழுத்தைத் தொடங்கியிருப்பேன். பத்து மாதம் கையில் இருந்தது, தினம் அரை மணி போதும். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, தூதரகச் சான்று, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே முடித்திருப்போம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதை வந்த வாரமே எழுதிக் கொடுத்திருப்போம். தோப்பை வருமானத்திலும் சேர்க்காமல், மனதிலும் சேர்க்காமல் வைத்திருப்போம். எல்லாவற்றையும்விட, அவருடைய தனிமைக்கு எத்தனை வருடம் என்று ஓர் எண்ணை நான்கு பேரும் உட்கார்ந்து எழுதியிருப்போம், பிள்ளைகள் எதிரிலேயே.

லெவி கட்டி அங்கேயே இருந்திருக்கலாமா என்று கேட்டால், எங்கள் சம்பளத்துக்கு முடியாது. மேல் மாடியில் இருந்த கோழிக்கோட்டுக் குடும்பம் இருந்தது. காரை விற்று, இரண்டு படுக்கையறையிலிருந்து ஒன்றுக்கு மாறி, இந்த ஜூலைக்கும் கட்டப் போகிறார்கள். அவர்களுக்கு அது சரியாக இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அங்கே நர்ஸ், இரண்டு சம்பளம். ஒரே சம்பளத்தில் மூன்று தலைக்கு லெவி கட்டும் குடும்பத்துக்கு நான் இருந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். வருவதானால் பிள்ளைகளைக் குடியேறுகிறவர்களாக நினைத்து அழைத்து வாருங்கள் என்பதைத்தான் அந்த மூன்று பெண்களிடமும் சொல்லப் போகிறேன்.

ஆண்டுத் தேர்வில் மகள் தமிழில் 54 எடுத்தாள். இந்த விடைத்தாளை மடிக்கவில்லை. "தங்கம்" படிக்கும்போது இப்போது நிற்பதில்லை. "அகழி"யில் இன்னும் நிற்கிறாள்.

இந்த மே லீவில் எங்களை விசிட் விசாவில் ஒரு மாதம் வரவழைக்கலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் அவனால் முடியாது. மகளிடம் கேட்டேன். அவள் ஒரு தாள் எடுத்து வந்து தன் தோழிகள் பெயரை எழுதினாள். ஒருத்தி ஐதராபாத் போய்விட்டாள், ஒருத்தி லக்னோ, ஒருத்தி மேல் மாடிக் கோழிக்கோட்டுப் பெண், அவள் மட்டும் அங்கே. நான்காவது பெயரை எழுதிவிட்டு நெடுநேரம் யோசித்தாள். அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நாங்கள் கிளம்பிய அன்றே பலகை தொங்கியது. எங்கே போனார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் நகல்களை இன்னும் அனுப்பவில்லை.